ரன்மா ½: இத்தனை பாத்திரங்கள் இருந்தும் சிரிப்பு ஏன் குறைவதில்லை?

கேள்வி:
ருமிகோ தகஹாஷியின் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) தொடரான ரன்மா ½-இல் முதல் சில தொகுதிகள் முடித்துவிட்டேன். மொத்தம் 38 என்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் ஒன்று ரன்மாவைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார், இல்லையென்றால் கல்யாணம் என்கிறார். இவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு நகைச்சுவை எப்படி நிற்கிறது? தொடரலாமா?

பதில் 1:
தாராளமாகத் தொடருங்கள். எல்லாம் ஒரே விதியிலிருந்து கிளைக்கிறது. ஜூசென்க்யோ என்ற இடத்தின் சாபம் பிடித்த ஊற்றில் விழுந்தவர்மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் உருவம் மாறும், வெந்நீர் பட்டால் பழையபடி ஆகும். கதாநாயகன் ரன்மா பெண்ணாவான், அவன் அப்பா கென்மா பாண்டா, ரியோகா கறுப்புப் பன்றிக்குட்டி, ஷாம்பூ பூனை, மூஸ் வாத்து. இது மனதில் பதிந்த பிறகு, கட்டத்தின் மூலையில் ஒரு வாளி தெரிந்தாலே சிரிப்பு தொடங்கிவிடும். மாறும் உருவமும் சும்மா கொடுக்கப்பட்டதல்ல. ரன்மாவுக்குப் பூனை என்றாலே நடுக்கம். அவனை விடாமல் துரத்தும் ஷாம்பூதான் பூனையாகிறாள்.

பதில் 2:
விதி பாதிதான். மீதி, யாருக்கு எது தெரியும் என்பது. ரன்மாவுக்கு நிச்சயிக்கப்பட்ட அகானே கொஞ்சி வளர்க்கும் பன்றிக்குட்டி பி-சான்தான் ரியோகா என்று அவளுக்குத் தெரியாது. ரன்மாவுக்குத் தெரியும், ஆனால் வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். பள்ளியில் படிக்கும் குனோ, பெண் ரன்மாவைக் காதலித்து ஆண் ரன்மாவை வெறுக்கிறான். அவன் தங்கை கொடாச்சிக்கு அப்படியே நேர்மாறு. இவர்களில் மூன்று பேரை ஓர் அறைக்குள் விட்டால் போதும், தனியாக ஜோக் எழுத வேண்டியதில்லை. புது ஆள் நுழையும்போது அவருக்கு எந்த ரகசியம் தெரியாது என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர் தானாக நினைவில் நிற்கும்.

பதில் 3:
சலிப்பு வருவது படிக்கும் முறையால். 1987 முதல் 1996 வரை ஷோனென் சண்டே வார இதழில் வந்த தொடர் இது. வாரம் ஒன்றாக வாசிக்க எழுதியதை ஒரே மூச்சில் படித்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரியும். ஒரு சண்டையோ போட்டியோ முடியும் இடத்தில் நிறுத்துங்கள். ரன்மா–அகானே விஷயம் மெதுவாகத்தான் நகரும். அதற்காக மட்டும் படித்தால் ஏமாற்றம்தான். அனிமே (கார்ட்டூன் வடிவம்) பார்த்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள், 1989இல் தொடங்கிய டிவி தொடர் 1992இலேயே நின்றுவிட்டது, பிற்பகுதிக் கதைகளில் பெரும்பாலானவை மங்காவில்தான்.

வேகமாகப் புரட்டுபவர்கள் தவறவிடுவது கென்மாவின் பலகைகளை. பாண்டாவாக இருக்கும்போது பேச்சு வராது, எழுதித் தூக்கிக் காட்டுவார். கட்டத்தின் ஓரத்தில் இருந்தாலும் அதை நின்று படியுங்கள்.