மழையே இல்லை, ஆறு ஏறுகிறது: கயாக் பயணத்துக்கு வழி சொல்லுங்கள்

நோர்வூட் துடுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி, மச்சான், நான் மூன்று பேரும் சேர்ந்து காற்றடிக்கிற கயாக் (துடுப்புப் படகு) இரண்டு வாங்கியிருக்கிறோம், ஒன்றில் இரண்டு பேர் உட்காரலாம். நாலாவது ஆள் மச்சானின் மகள், வயது பதினான்கு. மாசி, பங்குனியில் காலையில் போய் பின்னேரம் வீடு திரும்புகிற மாதிரி மூன்று பயணம் போக ஆசை. நாலு பேருக்கும் நீச்சல் தெரியும். ஆனால் ஓடுகிற ஆற்றில் துடுப்புப் போட்ட பழக்கம் இல்லை.

போன கிழமை இடம் பார்க்க மச்சானும் நானும் களனி ஆற்றோரக் கித்துள்கலைக்குப் போனோம். இரண்டு மணிக்கு ஆற்று நடுவில் ஒரு பெரிய பாறையில் பையன்கள் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு, கீழே கொஞ்சத் தூரம் பார்த்துவிட்டு நாலரைக்குத் திரும்பினால் பாறையின் தலை மட்டும்தான் தெரிகிறது. அன்றைக்கு கினிகத்தேனையில் மழை இல்லை, நோர்டன் பக்கமும் வெயில். தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே இறங்கலாம்? இறங்கின இடத்தில் விட்ட வண்டிக்கு எப்படித் திரும்புவது?

ஆற்றோரம் (கித்துள்கலை, ராஃப்டிங் என்கிற ரப்பர் படகுப் பயண வழிகாட்டி) எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்தது மேலே இருக்கிற மின் நிலையம் விட்ட தண்ணீர். உங்கள் வீட்டு வாசலில் இருந்தே அது தொடங்குகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் கெஹெல்கமு ஓயா தண்ணீர் விமலசுரேந்திர மின் நிலையம் வழியாக நோர்டனுக்கு வந்து, அங்கிருந்து பழைய லக்சபானவுக்கு இறங்கும். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தேங்கும் மஸ்கெலியா ஓயா தண்ணீர் கென்யன், புதிய லக்சபான என்று வேறு வழியில் வரும். கடைசியில் இரண்டும் ஒன்றாகி பொல்பிட்டிய மின் நிலையத்தில் சுழன்று களனிக்கு வருகிறது. நாட்டில் மின்சாரத் தேவை உச்சமாக இருப்பது மாலை 6.30 முதல் 10.30 வரை. அந்தத் தேவை ஏறுகிறபோது மேலே இயந்திரத்தை ஓட்டுவார்கள், இங்கே ஆறு ஏறும். ஆனால் மாலையில் மட்டும்தான் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த இயந்திரத்தை எப்போது ஓட்டுவது என்பது நாளுக்கு நாள் மாறும்.

பிராட்லண்ட்ஸ் அணை வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அந்த அணைக்கும் அதன் மின் நிலையத்துக்கும் நடுவில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பது அணையில் விடுவதைப் பொறுத்தது. அதனால் இங்கே தொழில் செய்கிறவர்கள் காலையில் முதலில் விசாரிப்பது தண்ணீர் விடுகிற நேரத்தைத்தான். நீங்களும் புறப்படும் முன் இங்கே உள்ள ராஃப்டிங் இடம் ஒன்றுக்குப் போன் பண்ணி, 'இன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள். யாரும் மறைக்க மாட்டார்கள்.

உங்கள் கயாக்கை இந்தப் பகுதியில் இறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது தட்டைத் தண்ணீருக்குச் செய்தது, பாறைக்கு நடுவில் பக்கவாட்டில் திரும்பினால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், வழிகாட்டி எல்லாம் உள்ள ராஃப்டில் ஒருநாள் வாருங்கள். எந்த அலையில் எப்படி உடம்பைச் சாய்ப்பது, விழுந்தால் மல்லாந்து ஓட்டம் போகிற பக்கம் காலை நீட்டி மிதப்பது எப்படி என்று அன்றைக்கே பழகிவிடலாம். பாறைக்குள் கால் சிக்கும் என்பதால் ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. இதை மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

தம்பி, வாசலில் காசல்ரீயை வைத்துக்கொண்டு ஏன் தூரம் போகிறீர்கள்? பழக அதைவிட நல்ல இடம் இல்லை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் அசையாது, மூன்று பக்கமும் தேயிலை மலை, வானம் தெளிந்தால் சிவனொளிபாதமலை நேரே தெரியும். பத்து, பதினொரு மணிக்குக் காற்று எழும்பும். அதற்குள் கரைக்குத் திரும்புகிற மாதிரி கணக்குப் போடுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால் களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

அணைக்குப் பொறுப்பான மின்சார அலுவலகத்தில் முதலே கேட்டு அனுமதி வாங்குங்கள். அணைச் சுவர், வான்கதவு, தண்ணீர் உறிஞ்சும் வாய் இருக்கிற பக்கம் தலையே வைக்கக் கூடாது. மீன் பிடிக்கிறவர்கள் வலை போட்டிருப்பார்கள், மிதவையைக் கண்டால் விலகிப் போங்கள். அது அவர்கள் பிழைப்பு.

மவுசாகலைக்கும் ஒருநாள் வாருங்கள். பங்குனியில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும். என் அம்மா அந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தவர், அதனால் எனக்கு அது வெறும் வேடிக்கை பார்க்கிற இடமில்லை. சுவர்களில் ஏறாமல் தள்ளி நின்று பாருங்கள். தண்ணீர் இறங்கின கரையில் முழங்கால்வரை சேறு இருக்கும், ஏறி இறங்கக் கல் உள்ள இடமாகத் தேடுங்கள். மார்கழிப் போயாவிலிருந்து (முழுநிலா நாள்) வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிற பருவம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஹட்டன் ரோட்டில் வண்டி நகராது. வாரநாளில் வாருங்கள்.

கெட்டம்பே எழுதியது:

ஓடுகிற தண்ணீரும் வேண்டும், பாறையும் வேண்டாம் என்றால் கம்பளையிலிருந்து பேராதனை வரை மகாவலி. இதுவரை சொன்ன மூன்று இடத்தையும் விட அழகு பேராதனைக்கு வருகிற அந்தக் கடைசித் துண்டுதான், தாவரவியல் பூங்காவைச் சுற்றி ஆறு வளைந்து போகும். இங்கேயும் மேலே கொத்மலை மின் நிலையம் இருக்கிறது, ஆகவே ஆற்றோரம் அண்ணன் சொன்னது முழுக்க இங்கேயும் பொருந்தும். மணல் அள்ளின இடங்களில் திடீர்க் குழி இருக்கும், இறங்கி நடக்காதீர்கள். பேராதனையில் கண்டிப்பாகக் கரையேறிவிடுங்கள். கட்டுகஸ்தோட்டை தாண்டினால் பொல்கொல்லை அணைக்கட்டு. மகாவலித் தண்ணீரைச் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்புகிற இடம் அது, கிட்டப் போகிற விளையாட்டே வேண்டாம்.

வண்டிக்கு வழி சுலபம். கடைசியில் கரையேறப்போகிற இடத்தில் காலையிலேயே ஒரு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு மேலே போங்கள். முடிந்ததும் ஒருவர் அதில் போய் மேலே விட்ட வண்டியை எடுத்து வரட்டும், மற்றவர்கள் கயாக்கைக் காற்றிறக்கிக் காயவைக்கலாம். புதிதாகத் துடுப்புப் போடுகிறவர்கள் மணிக்கு மூன்று கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை முழுத் தூரமும் வேண்டாம், எட்டுக் கிலோமீற்றரே மூன்று மணித்தியாலம், சாப்பாட்டோடு நாலு. பங்குனி பிறந்தால் பின்னேர இடி மின்னல் வரும், இரண்டு மணிக்கு மேல் தண்ணீரில் இருக்காதீர்கள்.

கால், கையில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. போகுமுன் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) கேளுங்கள், தடுப்பு மாத்திரை தேவையா என்று சொல்வார். போய்வந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோர்வூட் துடுப்பு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீச்சர், உங்கள் அம்மா நடந்த தெரு என்று படித்ததும் மவுசாகலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளங்கியது. முதலில் காசல்ரீ, அப்புறம் கித்துள்கலையில் ராஃப்ட், கடைசியில் மகாவலி என்று வைத்துக்கொள்கிறோம். மவுசாகலை தனியாக ஒருநாள். ஆற்றோரம் அண்ணா, ஒன்றுதான் மிச்சம். மகாவலியில் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஏறினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆற்றோரம் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கரைக் கல்லில் காய்ந்த பாகமும் நனைந்த பாகமும் சேருகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஓய்வெடுக்கிற இடத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் குச்சி தண்ணீருக்குள் போனால் சாப்பாட்டை மடித்துக் கட்டிவிட்டுக் கயாக்கை மேலே இழுங்கள். தெளிந்த தண்ணீர் பால் தேத்தண்ணி நிறமானால், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், ஒன்று தெரிந்தாலே போதும், மற்றதற்குக் காத்திருக்க வேண்டாம். சைரன் கேட்டால் கேள்வியே இல்லை.

ஏறுகிற கரை முக்கியம். ரோடு இருக்கிற கரையாகப் பார்த்து ஏறுங்கள். எதிர்க்கரையில் ஏறினால் தண்ணீர் இறங்குமட்டும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். நடு மணல் திட்டில் ஒதுங்கவே கூடாது. ஆளுக்கொரு விசில், 15 மீற்றர் எறிகயிறு ஒன்று, போன் ஒன்று தண்ணீர் போகாத பையில். அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, இரண்டையும் மகளின் போனிலும் போட்டுவிடுங்கள். கித்துள்கலைக்கு வருகிற நாளை முதல்நாளே சொல்லுங்கள், தண்ணீர் நேரத்தைக் கேட்டு வைக்கிறேன்.