இன்டென்ஷனுக்கு "எண்ணம்" போதுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்

கோத்தகிரி:
வணக்கம். நர்சிங் பிள்ளைங்களுக்குக் கைப்புத்தகம் எழுதிட்டிருக்கேன். உளவியலாளர் ஐசன் 1985ல சொன்ன கோட்பாட்டுல முட்டி நிக்கிறேன். ஒருத்தர் ஒண்ணைச் செய்வாரான்னு தெரிஞ்சுக்க அவரோட இன்டென்ஷனைப் பாருங்கறார், அது மூணுலேர்ந்து வருதாம், அந்தக் காரியம் நல்லதா கெட்டதான்னு அவர் மனசு, வேண்டியவங்க என்ன சொல்வாங்க, தன்னால முடியுமா. "எண்ணம்"னு போட்டேன். போன வாரம் எஸ்டேட் லயத்துல, அதான் தொழிலாளர் வரிசை வீடு, ஒரு அக்காகிட்ட, பிபி மாத்திரை தெனம் போடற எண்ணம் இருக்காக்கான்னு கேட்டா, "எண்ணம் இல்லாமயா சிஸ்டர்"ங்கறாங்க, அட்டைய வாங்கிப் பாத்தா பத்துல ரெண்டுதான் கிழிஞ்சிருக்கு. வேற சொல் குடுங்க.

குன்னூர்:
"எண்ணித் துணிக கருமம்" இருக்கே டீச்சர். எண்ணம் வேற துணிவு வேறன்னு வள்ளுவரே பிரிச்சுட்டார். "துணிபு"ன்னு போடுங்க. துணித்தல்னா வெட்டுறது, உடுத்துற துணியும் அதுலேர்ந்து வந்ததுதான், மனசு ரெண்டுபட்டு நிக்காம வெட்டி முடிச்சா துணிபு.

கூடலூர்:
அய்யா, துணிவுன்னா இன்னைக்கு தைரியம். "மாத்திரை போடத் துணிஞ்சீங்களா"ன்னு கேட்டா அந்தம்மா பயந்துடும். சங்கல்பம்னு வைங்க, எல்லாருக்கும் புரியும்.

குன்னூர்:
சங்கல்பம் கோயில்ல பேர் நட்சத்திரம் சொல்லிப் பண்றது. குறள்ல வினைத்திட்பம்னு ஒரு அதிகாரமே இருக்கறப்ப கடன் சொல் எதுக்கு?

கோத்தகிரி:
திட்பம்னா ஏற்கனவே உறுதியானது அய்யா. துணிபும் அப்படித்தான், வெட்டினா வெட்டினதுதான். இதை நாங்க 1லேர்ந்து 7 வரைக்கும் மார்க் போட்டு அளக்கணும், "துணிபு 3"ன்னு எப்படி எழுத? இன்னொண்ணு, நேத்து திரும்பப் போனேன். எப்போ போடுவீங்கன்னு கேட்டு, "கொழுந்துக்குக் கிளம்புறப்ப, டீ டம்ளரைக் கழுவிக் கவுத்ததும் மாத்திரை"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சேன். இன்னொரு உளவியலாளர் கோல்விட்சர் 1999ல விளக்கின "இப்படின்னா இதைச் செய்வேன்" திட்டம் இதுதான். அதுக்கும் பேர் வேணும்.

குன்னூர்:
இலக்கணத்துல "செயின்" என்னும் வாய்பாட்டு எச்சம் இருக்கே, "செஞ்சா"ன்னு அர்த்தம்! "செயின் துணிபு"ன்னு வைக்கலாம். மழை பெய்யின் குளம் நிறையும்ங்கற மாதிரி.

கூடலூர்:
பிள்ளைங்க கழுத்துச் செயின்னு படிக்கும் அய்யா.

ஊட்டி:
வியாழக்கிழமை ஆயிடுச்சு. இன்டென்ஷனுக்கு "செய்யும் எண்ணம்", அந்தத் திட்டத்துக்கு "ஆனால்-திட்டம்", இப்படி ஆனா இதைச் செய்வேன்ங்கறது. மார்க்கும் போடலாம், வார்டுலயும் சொல்லலாம்.

கூடலூர்:
சரி.

கோத்தகிரி:
எனக்கும் சரி, இன்னைக்கு ராத்திரி அனுப்பிடறேன்.

குன்னூர்:
நான் ஒத்துக்கல. ஆனால்-திட்டம்னா ஏதோ ஆட்சேபணை மாதிரி இருக்கு. கடைசிப் பக்கத்துச் சொல்லடைவுல "துணிபு"ன்னு ஒரு வரியாவது போடுங்க டீச்சர்.