வருவேன் என்று எழுத நினைத்து விற்பேன் என்று எழுதிவிட்டேன்: பிரெஞ்சு "வெனிர்" எதிர்காலத்துக்கு உதவி தேவை

செவ்ரான் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகளின் வகுப்பு ஆசிரியை, வியாழக்கிழமை 16.30க்கு வந்து சந்திக்க முடியுமா என்று கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார். ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்க்காமல் நானே பதில் எழுதவேண்டும் என்று ஆசை. "வியாழன் வருவேன்" என்று நினைத்து "ஜ வாந்த்ரே ஜெதி" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அடுத்த நாள் அதன் கீழே "மெர்சி, ஆ ஜெதி" (நன்றி, வியாழன் சந்திப்போம்) என்று மட்டும் இருந்தது. மகள்தான் அந்தச் சொல்லில் விரலை வைத்து, "அம்மா, இது விற்பேன்" என்றாள். மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

வெனிர் என்றால் வருதல். அதன் எதிர்காலத்தில் ஒரு 'த' சத்தம் வரும் என்று வகுப்பில் கேட்ட ஞாபகத்தில்தான் அப்படி எழுதினேன். அந்த 'த' எங்கேயிருந்து வருகிறது? இன்னொன்று: "ரயில் பிந்தினால் அறிவிப்பேன்" என்று எழுதும்போது "பிந்தினால்" என்பதற்கு வரும் "சி"க்குப் பிறகும் எதிர்காலம் போடலாமா?

லாசப்பல் அண்ணா:
தங்கச்சி, கவலைப்படாதீங்கோ, விஷயம் ஆசிரியைக்கு விளங்கியிருக்கிறது. நான் சமையல்கட்டில் வேலை செய்த காலம் முழுக்க "ஜ வே வெனிர்" (வரப்போகிறேன்) என்றே சொல்லிச் சமாளித்தேன். "வே" போட்டு வினையை அப்படியே வைத்தால் சரி, எந்த வினைக்கும் பொருந்தும். நாள் குறித்தாகிவிட்டது என்றால் "ஜ வியேன் ஜெதி" என்று நிகழ்காலத்திலேயே எழுதினாலும் பிழையில்லை.

புதுவை ஆசிரியை:
அண்ணா சொன்னது பேச்சுக்கு நல்ல வழி. ஆனால் சகோதரி கேட்டது எழுத்து. அதில் "வே" இல்லாமல் ஒரே சொல்லாக வரும் தனி எதிர்காலத்தைத் தவிர்த்துக்கொண்டே போக முடியாது. "நீங்கள் வரும்போது" என்று எழுதினால் "காந் வூ வியேன்த்ரே" என்றுதான் வரவேண்டும். அங்கே "வே வெனிர்" வகை பொருந்தாது.

உங்களுக்கு விட்டுப்போனது ஒரே ஒரு எழுத்து. முதல் எழுத்தான 'வே'க்கு அடுத்து ஓர் 'இ' வேண்டும். வியேன்த்ரே என்றால் வருவேன், வாந்த்ரே என்றால் விற்பேன். நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பழைய பிரெஞ்சில் வருவேன் என்பதற்கும் அந்த 'இ' இல்லாத வடிவம்தான் இருந்தது. "வியேன்" என்ற நிகழ்கால வடிவத்தைப் பார்த்துப் பிற்பாடு 'இ' சேர்ந்தது.

இப்போது 'த'. லத்தீனில் "வர" என்ற வினையோடு "எனக்கு உள்ளது" என்ற சொல்லை ஒட்டி, "எனக்கு வர உள்ளது" என்பது போலச் சொல்லிச் சொல்லித்தான் இந்த எதிர்காலம் பிறந்தது. இன்றும் ரே, ரா, ரோன் என்ற முடிவுகளில் தெரிவது "உள்ளது" என்று பொருள்படும் "அவ்வார்" வினையின் வால்தான். அப்படி ஒட்டும்போது நடுவில் இருந்த உயிர் தேய்ந்து, 'ன்'னும் 'ர'வும் நேராக மோதின. நாக்கு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது இடையில் ஒரு 'த' தானாக விழுந்தது. நன்றி, கன்று என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இல்லாத ஒரு 'ட்' நம் வாயிலும் கேட்கும். "தெனிர்" (பிடித்தல்) தியேன்த்ரே ஆனதும் இதே வழியில்தான். "வூல்வார்" (விரும்புதல்) வூத்ரே ஆனதில் 'ன்' இருந்த இடத்தில் 'ல்'.

ஆறு வடிவம் என்று பயப்படவேண்டாம். காதுக்கு மூன்றே ஒலி: ஜ (நான்), வூ (நீங்கள்) இரண்டுக்கும் வியேன்த்ரே; து (நீ), இல் (அவன்), எல் (அவள்) மூன்றுக்கும் வியேன்த்ரா; நு (நாங்கள்), இல்ஸ் (அவர்கள்) இரண்டுக்கும் வியேன்த்ரோன். எழுதும்போதுதான் வால் மாறும். ஜ-வுக்கு எழுதும்போது கடைசியில் 'எஸ்' சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் "முடிந்தால் வருவேனே" என்ற பொருள் வந்துவிடும். சந்தேகம் வந்தால் "நு" போட்டுப் பாருங்கள். வியேன்த்ரோன் என்று வந்தால் 'எஸ்' வேண்டாம். வியேன்த்ரியோன் என்று வந்தால் வேண்டும்.

"சி"க்குத் தமிழே வழிகாட்டும். "பிந்தினால்", "வந்தால்" என்று 'ஆல்' வருகிற இடத்தில் நிகழ்காலம் மட்டும். "வருவாளா என்று தெரியாது" என்று 'ஆ' வருகிற இடத்தில் எதிர்காலம் சரி: "ஜ ந சே பா சி எல் வியேன்த்ரா". பிரான்சில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் "சி-க்கு ரே பிடிக்காது" என்பதுதான். அது அந்த 'ஆல்' பொருளுக்கு மட்டும்.

லாசப்பல் அண்ணா:
இந்த 'ஆல்', 'ஆ' கணக்கை யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. இவ்வளவு நாளும் குத்துமதிப்பாகத்தான் கதைத்தேன். நன்றி, டீச்சர்.

செவ்ரான் அம்மா:
இப்போது விளங்குகிறது. மகளோடு இருந்து "நன்றி, நன்றி" என்று சொல்லிப் பார்த்தேன், அவளுக்கும் அந்த 'ட்' கேட்டது. கொப்பியில் புதிதாக எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கோ:

"ஜெதி, ஜ வியேன்த்ரே ஆ 16.30. சி ல த்ரேன் ஆ து ரதார், ஜ வூ ப்ரேவியேன்த்ரே."

"அறிவிப்பேன்" என்பதற்கு ப்ரேவெனிர் என்று மகள் சொன்னாள். அதற்குள்ளும் வெனிர் இருந்ததால் அதேபோல மாற்றினேன்.

புதுவை ஆசிரியை:
முழுக்கச் சரி. "சி"க்குப் பிறகு "ல த்ரேன் ஆ" என்று நிகழ்காலம், அடுத்த பாதியில் எதிர்காலம். ப்ரேவெனிரை நீங்களே பிடித்துவிட்டீர்கள். ரெவெனிர் (திரும்பி வருதல்), தெவெனிர் (ஆகுதல்) இரண்டும் அதே மாதிரிதான். எழுத்தில் அந்த 'இ' இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

செவ்ரான் அம்மா:
இருக்கிறது. மகளும் பார்த்தாள்.