அத்தை ஒரே பட்டனில் நாடகம் பார்க்க வேண்டும்: எச்டிஎம்ஐ ஸ்விட்ச் பாக்ஸ் பற்றி உதவி தேவை

காரைக்குடி மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் டிவி 43 இன்ச், 4கே. பின்னால் மூன்று எச்டிஎம்ஐ போர்ட். போன ஐப்பசியில் இடி இறங்கியபோது மொட்டை மாடி டிஷ் ஒயர் வழியாக வந்து செட்டாப் பாக்ஸும் டிவியின் முதல் போர்ட்டும் சேர்ந்தே போய்விட்டன. பாக்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். டிவி போர்ட்டுக்கு போர்டையே மாற்ற வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்றார்கள். மீதி இரண்டு வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டில் ஒன்றில் 'ஆர்க்' என்று எழுதியிருக்கிறது.

மாட்ட வேண்டியவை: செட்டாப் பாக்ஸ், ஓடிடி பார்க்கிற 4கே ஸ்டிக், மகன் கேம் விளையாடுகிற பிஎஸ்4, மஞ்சள் சிவப்பு வெள்ளை பின் உள்ள பழைய டிவிடி பிளேயர் (எங்கள் கல்யாண டிவிடி அதில்தான் ஓடும்), என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்து வந்தபோது வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர். அவர் வருடத்தில் ஒரு மாதம்தான் இங்கே. ஒயர் வேலை எல்லாம் என் கையில்தான்.

அத்தைக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷன் ஆனது. டிவி நன்றாகத் தெரிகிறது, ஆனால் ரிமோட்டில் சோர்ஸ் அழுத்தினால் ஓரத்தில் வருகிற பட்டியலைப் படித்து, கீழே இறக்கி, ஓகே கொடுப்பது அவர்களால் முடியவில்லை. நான் கடையில் இருக்கும்போது போன் வரும், "படம் வரல ஆத்தா" என்று. அதற்காகத்தான் 450 ரூபாய்க்கு மூன்று இன், ஒரு அவுட் உள்ள ஸ்விட்ச் பாக்ஸ் வாங்கினேன். பெட்டியின் மேல் 4கே என்று போட்டிருக்கிறது.

செட்டாப் பாக்ஸ், ஸ்டிக், பிஎஸ்4 மூன்றையும் ஸ்விட்சில் மாட்டி, ஸ்விட்ச் அவுட்டை டிவியின் ஆர்க் போர்ட்டில் கொடுத்தேன். ஹோம் தியேட்டரை மற்ற போர்ட்டில் கொடுத்தேன். இப்போது நடப்பது:

ஹோம் தியேட்டரில் சத்தமே இல்லை. இரவு எட்டரை நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் தானாக ஸ்டிக்குக்குத் தாவுகிறது, யாரும் எதையும் தொடவில்லை. ஸ்டிக்கில் படம் போட்டால் முகப்பு வரை தெரிகிறது, படம் ஆரம்பித்ததும் திரை கறுப்பாகி நின்றுவிடுகிறது. பிஎஸ்4 மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவா, நான் மாட்டியதில் தப்பா? டிவிடி பிளேயரையும் இதில் சேர்க்க வழி உண்டா?

மதுரை டிவி மெக்கானிக்:

தங்கச்சி, எது எதுல மாட்டியிருக்குன்னு விவரமா எழுதினதால பதில் சொல்றது சுலபமாப் போச்சு. உங்க வீட்டுல மூணு சிக்கலுக்கும் மூணு தனித்தனி காரணம்.

முதல்ல சத்தம். சாதாரணமா எச்டிஎம்ஐல படமும் சத்தமும் பெட்டியில இருந்து டிவிக்குத்தான் போகும். ஆர்க் போர்ட்ல மட்டும் டிவியோட சத்தம் திரும்பி ஹோம் தியேட்டருக்குப் போகும். 2009ல வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்புலதான் இந்த வசதி சேர்ந்துச்சு. நீங்க அந்த போர்ட்டை ஸ்விட்சுக்குக் குடுத்துட்டீங்க. சாதாரண ஸ்விட்ச் பாக்ஸ் இந்தத் திரும்புற சத்தத்தைக் கடத்தாது. அதனால ரெண்டையும் மாத்தி மாட்டுங்க. ஹோம் தியேட்டர் நேரா ஆர்க் போர்ட்டுக்கு, ஸ்விட்ச் அவுட் இன்னொரு போர்ட்டுக்கு. டிவி செட்டிங்ஸ்ல சவுண்ட் அவுட்புட்ல எச்டிஎம்ஐ ஆர்க் வைங்க, சிஇசியையும் ஆன் பண்ணுங்க, ஒரு பெட்டி இன்னொண்ணை எச்டிஎம்ஐ ஒயர் வழியா இயக்குற வசதி அது. சிஇசின்னு எழுதியிருக்காது, ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கும்.

அடுத்தது தாவுறது. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஏவி செலக்டர்னு ஒரு பெட்டி வரும். நாலு பட்டன், பின்னாடி மஞ்சள் சிவப்பு வெள்ளை வரிசையா. அமுக்கினா 'டக்'னு உள்ள ஒரு காண்டாக்ட் மாறும், அவ்வளவுதான். விசிஆர், விசிடி, கேபிள் எல்லாம் அதுல போட்டு எத்தனை வீட்டுக்குக் குடுத்திருக்கேன், பத்து வருஷம் கழிச்சும் ஓடும். எச்டிஎம்ஐ ஸ்விட்ச் அப்படி இல்லை. அதுல ஒரு ஐசி உக்காந்து எந்தப் போர்ட்ல ஆள் வந்திருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 18ஆவது பின்ல 5 வோல்ட் வரும், அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். புதுசா ஒரு போர்ட்ல 5 வோல்ட் ஏறினா உடனே அங்க மாறிடும். உங்க ஸ்டிக் ராத்திரி தானா அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனாப் போதும், அத்தையோட நாடகம் போயிடும். செட்டாப் பாக்ஸ் ஸ்டாண்ட்பைல இருந்தாலும் நிறைய பாக்ஸ்ல இந்த 5 வோல்ட் இருந்துக்கிட்டே இருக்கும், அதனால அது திரும்பி வராது. ஆட்டோவை நிறுத்த பெட்டியிலயோ ரிமோட்லயோ ஒரு பட்டன் இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு. அந்தப் பெட்டிக்கு அடாப்டர் குடுத்திருக்கீங்களா? அடாப்டர் இல்லாட்டா அந்த 18ஆவது பின் கரண்ட்லதான் ஓடும். அதுல நம்பி எடுக்கக்கூடியது 55 மில்லியாம்பியர்தான். பக்கத்துல மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை இருந்தா பழைய போன் சார்ஜரை மாட்டிடுங்க.

கோவை இன்ஜினியரிங் மாணவன்:

அக்கா, கறுப்புத் திரைக்கு நான் சொல்கிறேன். முகப்பு தெரிந்து, படம் ஆரம்பித்ததும் கறுப்பானால் பெரும்பாலும் எச்டிசிபி பிரச்சினை. காப்பி எடுக்காமல் தடுக்கிற பூட்டு அது. ஓடிடியில் 4கே படங்களுக்கு எச்டிசிபி 2.2 கேட்பார்கள். ஸ்டிக்கிலும் டிவியிலும் இருந்தால் மட்டும் போதாது, நடுவில் நிற்கிற ஸ்விட்சும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். 450 ரூபாய் பெட்டி அநேகமாக எச்டிஎம்ஐ 1.4 ரகம். விநாடிக்கு 10.2 கிகாபிட்தான், 4கே வந்தாலும் விநாடிக்கு 30 ஃபிரேமில் நின்றுவிடும். 4கேயில் 60 ஃபிரேமுக்கு 18 கிகாபிட் வேண்டும், அது 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 பதிப்பு. மேலே 4கே என்று போட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

செலவில்லாமல் சோதிக்கலாம். ஸ்டிக்கின் டிஸ்பிளே செட்டிங்கில் 4கேயை விடக் குறைந்த 1080பி என்று மாற்றி அதே படத்தைப் போடுங்கள். ஓடினால் ஸ்விட்ச்தான் காரணம். சாதாரண பிஎஸ்4 1080பிதான் அனுப்பும், அதனால்தான் அது தகராறு செய்யவில்லை.

திரை கறுப்பாகாமல் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஸ்விட்சுக்கு வருகிற கேபிள், ஸ்விட்சிலிருந்து போகிற கேபிள் இரண்டின் நீளமும் சேர்ந்துதான் கணக்கு. கேபிளில் 2.0, 2.1 என்று கடைக்காரர் சொல்வதை விட, 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்கிற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டிக், பிஎஸ்4 இரண்டிலும் சிஇசியை அணைத்துவிடுங்கள். பிஎஸ்4இல் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்று இருக்கும். டிவியிலும் ஹோம் தியேட்டரிலும் மட்டும் சிஇசி இருந்தால் போதும்.

திருச்சி ஆடியோ ரசிகன்:

ஹோம் தியேட்டரின் பின்னால் 'எச்டிஎம்ஐ இன்' என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தனி ஸ்விட்சே வேண்டாம், எல்லாவற்றையும் அதிலேயே கொடுத்து ஒரே கேபிளை டிவிக்கு விடலாம்.

காரைக்குடி மருமகள்:

டார்ச் அடித்துப் பார்த்தேன் ஐயா. எச்டிஎம்ஐ ஒன்றே ஒன்று, 'அவுட், ஆர்க்' என்று எழுதியிருக்கிறது. இன் இல்லை.

மெக்கானிக் அண்ணன் சொன்னபடி மாற்றி மாட்டியதும் சத்தம் வந்துவிட்டது. ஸ்டிக்கை 1080பி வைத்ததும் படமும் ஓடுகிறது, தம்பி சொன்னது சரி. ஆனால் ஆட்டோவை நிறுத்த இந்தப் பெட்டியில் வழியே இல்லை. ரிமோட்டும் கிடையாது. ஒரே பட்டன், அழுத்த அழுத்த 1, 2, 3 என்று சுற்றும். அத்தைக்கு இது சரிப்படாது.

சத்தம் வந்தாலும் ஒரு குறை. பின்னணி இசை ஏறும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. அத்தை காதில் கை வைத்துக்கொண்டு முன்னால் சாய்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

திருச்சி ஆடியோ ரசிகன்:

நிறைய சேனல்கள் சாதாரண ஸ்டீரியோவில்தான் வரும். அதை அப்படியே விட்டால் இடது வலது ஸ்பீக்கரில் வசனமும் இசையும் கலந்தே வரும். ஹோம் தியேட்டர் ரிமோட்டில் சவுண்ட் மோடைத் தட்டி டால்பி ப்ரோ லாஜிக் வருகிறதா பாருங்கள். அது வசனத்தைப் பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். பிறகு சென்டர் லெவலை மட்டும் மூன்று நான்கு படி ஏற்றுங்கள், சப்வூஃபரைக் குறையுங்கள். சென்டர் ஸ்பீக்கர் தரையில் இருந்தால் டிவிக்கு நேர் கீழே, காதைப் பார்த்தபடி லேசாக நிமிர்த்தி வையுங்கள்.

மதுரை டிவி மெக்கானிக்:

டிவிடியை எச்டிஎம்ஐ ஸ்விட்ச்ல சேர்க்கணும்னா மஞ்சள் பின்னை எச்டிஎம்ஐ ஆக்குற கன்வெர்ட்டர் வாங்கணும், அதுக்கும் ஒரு 5 வோல்ட் சார்ஜர், ஸ்விட்ச்ல இன்னொரு போர்ட். வருஷத்துக்கு நாலு தடவை பார்க்கறதுக்கு வேண்டாம். உங்க டிவி பக்கவாட்டுல ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒண்ணு 'ஏவி இன்'னு இருக்கும். அதுல சொருகுற கேபிள் ஒரு முனையில மூணு கலர் பின்னோட கடையில கிடைக்கும். ஆனா அந்தச் சின்ன பின்ல எந்த வளையம் எந்தக் கலருன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சள்ல போட்டும் படம் வரலைன்னா, இரைச்சல் மட்டும் வந்தா, பயப்படாம மஞ்சளைச் சிவப்புல மாத்திப் பாருங்க. கெட்டுப்போகாது.

புது ஸ்விட்ச் வாங்கறப்ப ரிமோட்ல 1, 2, 3 தனித்தனி பட்டன் இருக்கணும், ஆட்டோவை அணைக்க வழி இருக்கணும், 18 கிகாபிட்னும் எச்டிசிபி 2.2ன்னும் போட்டிருக்கணும். செட்டாப் பாக்ஸை 1ஆவது போர்ட்ல போடுங்க. கரண்ட் போய் வந்தா சில பெட்டி 1க்கே திரும்பிடும், அது உங்களுக்கு நல்லது.

காரைக்குடி மருமகள்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். என் கூடப்பிறந்த தம்பி சென்னையில் இருக்கிறான், ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி நீங்கள் சொன்னபடியே ஒன்று வாங்கி கூரியரில் அனுப்பினான். 1,350 ரூபாய். ஸ்டிக்கை மறுபடி 4கேயில் வைத்தேன், கறுப்புத் திரை வரவில்லை. ஆட்டோவை அணைத்த பிறகு ஒரு தடவை கூடப் படம் தாவவில்லை. நேற்று மதியம் கரண்ட் போய் வந்தது, பெட்டி 1க்கே திரும்பியிருந்தது.

பெட்டி தீப்பெட்டி மாதிரி இலேசு. நான்கு எச்டிஎம்ஐ ஒயரும் முறுக்கிக்கொண்டு அதைப் பின்னால் இழுத்து, ரிமோட் படாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டது. டபுள் சைடு டேப் போட்டு அலமாரியில் ஒட்டி, ஒயர்களை அலமாரிக் காலோடு சேர்த்துக் கட்டிய பிறகுதான் அசையாமல் நின்றது. யாராவது புதிதாக மாட்டினால் இதை முதலிலேயே செய்யுங்கள்.

ரிமோட் ஏடிஎம் கார்டு அளவுதான், பட்டன் எல்லாம் தட்டை. விரலால் தடவினால் 1 எது 3 எது என்று தெரியவில்லை. என் வெல்வெட் பொட்டு அட்டையில் இருந்து பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து 1இன் மேல் ஒட்டினேன். அத்தை கட்டை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு அழுத்தினார்கள். நாடகம் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது எனக்கு, மத்ததெல்லாம் உங்களுக்கு" என்றார்கள். இந்தப் பத்து நாளில் கடைக்கு ஒரு போன் கூட வரவில்லை.

ப்ரோ லாஜிக் இருந்தது. சென்டரை நான்கு படி ஏற்றினேன். அத்தை இப்போது சாய்வு நாற்காலியில் பின்னால் சாய்ந்துதான் பார்க்கிறார்கள்.

டிவிடிக்கு ஏவி கேபிள் 80 ரூபாய். அண்ணன் சொன்ன மாதிரியே மஞ்சளில் படம் இல்லை, சிவப்பில் மாற்றினேன், வந்தது. 2006இல் எடுத்தது, 43 இன்சில் கொஞ்சம் மங்கல்தான். மாமா மாலையும் கையுமாக வாசலில் நிற்கிற இடம் வந்ததும் அத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். மாமா போய் ஐந்து வருடம் ஆகிறது. அந்தப் பழைய பிளேயரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கு எனக்கு நிறைவாக இருந்தது.

இன்னும் தீராதது ஒன்று. ரிமோட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மூன்று நான்கு விநாடி திரை இருட்டாக இருந்துவிட்டுத்தான் படம் வருகிறது. அது பெட்டியின் கோளாறா?

கோவை இன்ஜினியரிங் மாணவன்:

கோளாறு இல்லை அக்கா. மாற்றும் ஒவ்வொரு முறையும் டிவி தன்னால் எந்த அளவு படம் காட்ட முடியும் என்று சொல்லி, அந்தப் பூட்டுச் சாவியும் புதிதாக ஒத்துப்போன பிறகுதான் படம் விடும். மூன்று நான்கு விநாடி சகஜம். அத்தையிடம் ஒரு தடவை அழுத்திவிட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மதுரை டிவி மெக்கானிக்:

சந்தோஷம் தங்கச்சி. மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. இடி கேட்டா எல்லாரும் பிளக்கை மட்டும் பிடுங்குறாங்க. உங்க வீட்டுல போனது டிஷ் ஒயர் வழியா. செட்டாப் பாக்ஸ் பின்னாடி திருகி மாட்டியிருக்கிற அந்த ஒயரையும் கழட்டி ஓரமாப் போடுங்க. இடி தலைக்கு மேல வந்த பிறகு ஒயரைத் தொடக் கூடாது, மேகம் கறுக்கும்போதே கழட்டிடணும். இப்ப எல்லாப் பெட்டியும் ஸ்விட்ச் வழியா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. அடுத்த தடவை இறங்கினா ஒரு போர்ட்டோட நிக்காது.

காரைக்குடி மருமகள்:

அந்த ஒயரில் சிவப்பு நாடா கட்டி வைத்துவிட்டேன் அண்ணா, மகனுக்கும் காட்டிக் கொடுத்தேன்.