சிமெண்டில் கை வைத்து வேலை பார்ப்பவருக்கு என்ன வாட்ச் வாங்கலாம்?

கண்டனூர்_மருமகள்:

வணக்கம். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைகிறது. ஏலச்சீட்டு எடுத்ததில் வீட்டுச் செலவு போக 12,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதில் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்க வேண்டும் என்று ஆசை. கடையில் போய் நின்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாமே ஒரே மாதிரி மின்னுகிறது, விற்கிற பையனும் "எது வேணும்னாலும் நல்லா இருக்கும்க்கா" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்வதில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் சிக்கலே. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் பட்டறை வைத்திருக்கிறார், ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அவரும் கூடவே உட்கார்ந்து ஊற்றுவார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிற வரைக்கும் கை காயவே காயாது. போனை எடுக்க முடியாது. நான் கூப்பிட்டால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டுவார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 3.40க்குக் கூப்பிட வேண்டும், இரண்டு மணியில் இருந்தே "மணி என்னடா, மணி என்னடா" என்று பையன்களைக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். இரண்டு நாள் பிள்ளை வாசலில் நின்றுவிட்டான்.

கல்யாணத்துக்கு எங்க அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட தங்கக் கலர் செயின் வாட்ச் பீரோவில் இருக்கிறது. மணிக்கட்டில் படுகிற இடமெல்லாம் முலாம் போய் வெள்ளையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரே வாங்கிய இரண்டில் ஒன்றைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார், இன்னொன்றின் கண்ணாடி கீறிக் கீறி மணியே தெரியாமல் போயிற்று. முள் வாட்ச்தான் பிடிக்கும், நம்பர் மட்டும் ஓடுவது பிடிக்காது. தூங்கும்போது பூக்கட்டுகிற நூலை வைத்து மணிக்கட்டை அளந்தேன், 17.5 சென்டிமீட்டர்.

இன்னொன்று, பக்கத்து வீட்டு ஆச்சி, "புருஷன் பொண்டாட்டி கடிகாரம் கொடுத்துக்கிட்டா பிரிவு வரும்" என்கிறார். அப்படி ஏதாவது உண்டா?

தேவகோட்டை_ரஸ்தா:

பன்னிரண்டாயிரம் இருக்கும்போது செல் போடுகிற வாட்ச் எதற்கு சகோதரி? ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். கை ஆடினாலே உள்ளே சாவி ஏறிக்கொள்ளும், செல்லே வேண்டாம், பின்பக்கம் கண்ணாடி வழியாக சக்கரம் ஓடுவது தெரியும். என்னிடம் ஒன்று இருக்கிறது, பார்த்தவன் எல்லாம் கழற்றிக் காட்டச் சொல்கிறான்.

பழைய_சாவி:

தம்பி ரஸ்தா, உங்களுக்கு அது சரி. நீங்கள் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் என்று நினைக்கிறேன். இந்தம்மா கேட்பது பட்டறைக்கு.

காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் வாட்ச் ரிப்பேர் பார்த்தவன் நான், இப்போது கண் சரியில்லாததால் கடையை மகனிடம் விட்டுவிட்டேன். பட்டறைக்காரர், கொத்தனார், மில் வேலைக்காரர் என்று எல்லாக் கையில் இருந்தும் கழன்ற வாட்சைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக்கில் ஒரு சின்ன எடைத்தகடு சுற்றிக்கொண்டே இருக்கும், கல்லைத் தட்டி இறக்குகிற அதிர்ச்சி நாள் முழுக்க அதற்கு ஆகாது. கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் நின்றும் போகும். அவர் சனி மாலை கழற்றினால் திங்கள் காலை நின்றிருக்கும், மறுபடி நேரம் வைக்க வேண்டும், வைக்க மாட்டார், மறுபடி "மணி என்னடா" தான். நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து ஆயில் போடுகிற செலவு வேறு.

கண்ணாடி கீறியது என்றீர்களே, அதற்குக் காரணம் மணல்தான். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்ற படிகக் கல். கடினத்தை ஒன்றில் இருந்து பத்து வரை அளப்பார்கள், வைரம் பத்து, குவார்ட்ஸ் ஏழு, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை சொச்சம். ஏழு போய் ஐந்தரையில் உரசினால் கீறத்தானே செய்யும்? சஃபையர், அதாவது செயற்கை நீலக்கல்லில் செய்த கண்ணாடி ஒன்பது, அதை மணல் ஒன்றும் செய்யாது. ஆனால் கல் விளிம்பில் ஓங்கி இடித்தால் அதன் ஓரம் தெறித்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால் செல் வாட்ச் உள்ளே துடிப்பதும் அதே குவார்ட்ஸ்தான், நொடிக்கு 32,768 தடவை. உள்ளே இருந்தால் நேரம் சொல்லும், வெளியே இருந்தால் கண்ணாடியைக் கீறும்.

ஆகவே பார்க்க வேண்டியது, கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள சட்டத்தை விடச் சற்று உள்ளே இறங்கி இருக்கிறதா என்பது. விரலை வைத்துத் தடவினால் முதலில் சட்டம் தட்டுப்பட வேண்டும், கண்ணாடி அப்புறம். அப்படி இருந்தால் கல்லில் உரசினாலும் சட்டம்தான் வாங்கும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் முப்பது மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று அர்த்தமில்லை அம்மா, கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், அவ்வளவே. தொட்டிக்குள் கையை விடுகிறவருக்கு 100 மீட்டராவது வேண்டும், 200 இருந்தால் கவலையே இல்லை. அப்புறம் செல் மாற்றும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவோரத்தில் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறவர்கள் அந்த வளையம் முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் மூடிவிடுவார்கள், அத்தோடு 200 மீட்டரும் போச்சு.

கேசியோ ஜி ஷாக்கில் ஜி.ஏ. 2100 என்று ஒன்று 2019இல் வந்தது. முள்ளும் உண்டு, ஓரத்தில் சின்னதாக நம்பரும் உண்டு. 200 மீட்டர். அந்த வகையில் இது மெலிசு, 17.5 கைக்குப் பெரிதாகத் தெரியாது. உங்கள் தொகைக்குள் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, டயலும் முள்ளும் முழுக் கறுப்பில் இருப்பதை எடுக்காதீர்கள். படத்தில் பார்க்க ஜோராக இருக்கும், பட்டறை நிழலில் மணி தெரியாது. வெள்ளை முள் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வகை வாட்ச் பிறந்த கதையும் உங்களுக்குப் பொருத்தம்தான். கேசியோவில் கிகுவோ இபே என்ற பொறியாளர், அப்பா கொடுத்த கைக்கடிகாரத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். அந்த வருத்தத்தில்தான் விழுந்தாலும் உடையாத ஒன்றைச் செய்யக் கிளம்பினார், முதல் வாட்ச் 1983இல் வந்தது.

சைட்_எஞ்சினியர்:

பெரியவர் சொன்னதற்கு மேல் ஒன்று. எந்த வாட்சாக இருந்தாலும் தோல் பெல்ட் வேண்டாம், செயினும் வேண்டாம். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், தோல் பெல்ட் அதை உறிஞ்சிக்கொண்டு மணிக்கட்டோடு ஒட்டி வைத்திருக்கும். செயின் என்றால் கண்ணிகளுக்குள் மணல் போய் உட்கார்ந்து அரத்தைப் போல அறுக்கும். எனக்கே இடது மணிக்கட்டில் வளையமாகக் கொப்புளம் வந்து, வாட்ச் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூன்று மாதம் ஏதேதோ களிம்பு தடவினேன். கடைசியில் தோல் டாக்டர்தான் சிமெண்டில் உள்ள குரோமியம் என்று சொன்னார். ரப்பர் மாதிரி பெல்ட்தான் சரி, அதையும் மத்தியானம் சாப்பிடக் கை கழுவும்போது கழற்றி அடிப்பக்கம் கழுவ வேண்டும். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கல் ஊற்றுகிறவர்கள் கையை மட்டும் கழுவிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பினாங்கு_மாமா:

ஆச்சி சொன்னது நம் ஊர் சாஸ்திரம் இல்லை. என் அப்பச்சி காலத்தில் இருந்து நாங்கள் இங்கேதான், அதனால் எனக்குத் தெரியும். சீனர்கள் கடிகாரம் பரிசளிக்க மாட்டார்கள். "கடிகாரம் கொடுப்பது" என்பதும் "சாவுக்குக் கடைசிக் காரியம் செய்வது" என்பதும் அவர்கள் பேச்சில் ஒரே உச்சரிப்பு. அதுவும் சுவர்க் கடிகாரம், மேஜைக் கடிகாரத்துக்குத்தான், கைக்கடிகாரத்துக்கு அவர்கள் பேச்சில் வேறு சொல். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, இங்கே வந்தவர்கள் தேக்கும் பீங்கானும் ஊருக்கு அனுப்பியபோது இதையும் சேர்த்து அனுப்பிவிட்டார்களோ என்னவோ. உங்கள் பக்கம் எந்தப் பெரிய வீட்டு முகப்பில் கடிகாரம் தொங்கவில்லை? முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் போய்ப் பாருங்கள், எத்தனை கிடக்கிறது என்று. தைரியமாகக் கொடு ஆத்தா.

பள்ளத்தூர்_டீச்சர்:

நான் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். போன வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்கு நானும் இதே மாதிரி சேர்த்து வைத்து ஒன்று வாங்கினேன். "ரொம்ப நல்லாருக்கு" என்றார், பெட்டியோடு லாக்கருக்குப் போய்விட்டது. விலையைக் கேட்டதும் கட்டவே மனசு வரவில்லையாம். போதாக்குறைக்கு வாங்கிய கடையில் வாரண்டி அட்டையில் முத்திரை போடாமல், தேதி எழுதாமல் கொடுத்துவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. நாலாம் மாதம் முள் நின்றபோது சர்வீஸ் சென்டரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பில்லைக் கேட்டார்கள், பில் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கடையை விட்டு இறங்கும் முன்பே அட்டையில் கடை முத்திரை, தேதி, வாட்சின் பின்மூடியில் உள்ள எண் மூன்றும் ஏறியதா பாருங்கள், பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

வேலைக்கு இரண்டாயிரத்துக்குள் ஒரு சாதா வாட்ச் போதாதா என்றும் தோன்றுகிறது. பத்தாம் வருஷத்துக்குப் பட்டறை வாட்சா? விசேஷத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒன்று வேண்டாமா?

கண்டனூர்_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் கேட்டது எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்றுப் பீரோவைக் குடைந்தபோது மாமனாருடைய வாட்ச் கிடைத்தது. எச்.எம்.டி., டயலில் இந்தியில் ஏதோ எழுதியிருக்கிறது, எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. சாவி கொடுத்தால் நாலு நிமிடம் ஓடி நிற்கிறது. அத்தையிடம் கேட்டேன், "அவுக சம்பளத்துல முதல்ல வாங்குனது அதுதான், விடிஞ்சதும் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி அதுக்குத்தான் சாவி கொடுப்பாக" என்றார்கள். பழைய_சாவி அண்ணா, இதைச் சரி செய்ய முடியுமா?

பழைய_சாவி:

இந்தியில் எழுதியிருப்பது "ஜனதா" ஆக இருக்கும், சக்கரங்கள் தேயாமல் இருக்க உள்ளே 17 சின்னக் கற்கள் வைத்த வாட்ச். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள், 2016இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட அரசாங்கம் முடிவெடுத்தது. இப்போது புது சாமான் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சில் இருந்து எடுத்துத்தான் போட வேண்டும், ஆனால் உங்கள் வாட்சுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். நாலு நிமிடம் ஓடுகிறது என்றால் ஆயில் காய்ந்து பிசினாகியிருக்கும். பிரித்துக் கழுவி ஓவராயில் செய்தால் ஓடும்.

ஒன்றே ஒன்று. டயலுக்குப் புது பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆன்லைனில் பளபளவென்று நீலம், பச்சை டயலில் விற்கிறதெல்லாம் பெரும்பாலும் அப்படி அடித்ததுதான். மஞ்சள் படிந்திருந்தால் படிந்திருக்கட்டும், அது உங்கள் மாமனார் பார்த்த டயல். இந்த வாட்சுக்குத் தோல் பெல்ட் போடுங்கள், பெல்ட் மாட்டுகிற இரண்டு கொம்புக்கும் இடையே அளந்து வாங்க வேண்டும், பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். இது மட்டும் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது.

கண்டனூர்_மருமகள்:

ஆவணி முடிந்துவிட்டது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். டீச்சர் சொன்னபடி ஒளிக்காமல் கடைக்கே கூட்டிப் போனேன். முதலில் "எனக்கெதுக்கு" என்றார், அப்புறம் அவரே விரலை வைத்துச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, வெள்ளை முள் வைத்ததை எடுத்தார். அட்டையில் மூன்றும் ஏறியதைப் பார்த்த பிறகுதான் படி இறங்கினேன்.

ஜனதாவை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. மீதிப் பணத்தில் ஓவராயில் செய்து, பழுப்புத் தோல் பெல்ட் போட்டு, ஒரு சின்னப் பனையோலைக் கொட்டானில் வைத்து அத்தை கையால் கொடுக்கச் சொன்னேன். திறந்தவர் எதுவும் பேசவில்லை, காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கொல்லைப்புறம் போய்விட்டார். பிள்ளையார்பட்டிக்குப் போன அன்று கட்டினார்.

பட்டறை வாட்சில் இப்போதே கல்லுக்குக் கலக்குகிற சிவப்பு ஆக்சைடு கலர் ஏறிவிட்டது, தினமும் தொட்டியடிக் குழாயில் அடிப்பக்கம் கழுவுகிறார். பிள்ளைதான் எதையோ அமுக்கிவிட்டான், மணிக்கு ஒரு தடவை பீப் அடிக்கிறது, ராத்திரி பன்னிரண்டுக்கும் அடிக்கிறது. எப்படி நிறுத்துவது?

பழைய_சாவி:

இடது பக்கம் கீழே உள்ள பொத்தானை அமுக்கி அலாரம் பகுதிக்குப் போங்கள். அலாரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் "எஸ்.ஐ.ஜி." என்று வரும், அங்கே அணைத்துவிடலாம்.

கண்டனூர்_மருமகள்:

அணைத்தேன் அண்ணா. காலையில் அவரே திரும்பப் போடச் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு அது அடித்தால்தான் கையைக் கழுவக் கிளம்புவாராம்.