சந்திரா தரவு: இளம் விண்மீனின் எக்ஸ் கதிர் ஒளிர்வு நம்ப முடியாத அளவு வருகிறது, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஓரியன் மேகத்தில் உள்ள ஒரு டி டவுரி விண்மீனை (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் இளம் விண்மீன்) பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2019-இல் சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் ஏசிஸ் கேமரா எடுத்த 40,000 விநாடித் தரவு. பின்னணியைக் கழித்தபின் 240 ஃபோட்டான்கள்.

ஒற்றை வெப்பநிலை பிளாஸ்மா மாதிரியைப் பொருத்தினால் வெப்பநிலை 0.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஹைட்ரஜன் தூண் அடர்த்தி, அதாவது பார்வைக்கோட்டில் குறுக்கே உள்ள வாயுவின் அளவு, சதுர செ.மீ.க்கு 1.2 × 10²² அணுக்கள். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது, குறைத்த கை ஸ்கொயர் 1.05 (1-க்கு அருகில் இருந்தால் நல்ல பொருத்தம்). ஆனால் உறிஞ்சலைச் சரிசெய்ததும் ஒளிர்வு விநாடிக்கு 3 × 10³² எர்க் என்று வருகிறது. விண்மீனின் மொத்த ஒளிர்வே ஏறக்குறைய சூரியன் அளவுதான். மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன். கேமராவில் ஃபோட்டான்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்குமோ?

பதில் 1

அது இல்லை. 40,000 விநாடியில் 240 என்றால், 3.2 விநாடி நீளமுள்ள ஒரு சட்டகத்துக்கு சராசரியாக 0.02 ஃபோட்டான்தான். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் ஒளிர்வின் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம் சரிதான். காந்தச் செயல்பாட்டால் ஒளிரும் இளம் விண்மீன்களில் எக்ஸ் கதிர் ஒளிர்வு, மொத்த ஒளிர்வில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். உங்களுக்கு நூற்றில் எட்டுப் பங்கு வருகிறது. குளிர்ந்த பிளாஸ்மாவைத் தடித்த வாயுவுக்குப் பின்னால் வைத்தாலும், வெப்பமான பிளாஸ்மாவை மெல்லிய வாயுவுக்குப் பின்னால் வைத்தாலும், குறைந்த ஃபோட்டான்களில் நிறமாலை ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். முதல் தீர்வில் தரவில் தெரியாத மென்கதிரை (குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரை) எல்லாம் மாதிரி தானே சேர்த்துவிடும். கை ஸ்கொயர் இதைக் காட்டிக் கொடுக்காது. அதோடு 240 ஃபோட்டானுக்கு கை ஸ்கொயரே வேண்டாம், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற கேஷ் புள்ளியியலைப் பயன்படுத்துங்கள்.

வழியிலுள்ள தூசியால் விண்மீனுக்கு ஒளி மறைப்பு எவ்வளவு?

கேட்டவர்

கட்புல ஒளியில் 1.5 மேக்னிட்யூட்.

பதில் 1

ஒரு மேக்னிட்யூடுக்கு சுமார் 2 × 10²¹ என்று கணக்கு வைத்தால் தூண் அடர்த்தி 3 × 10²¹ வரவேண்டும். நீங்கள் நான்கு மடங்கில் இருக்கிறீர்கள்.

பதில் 2

இடையில் ஒன்று. இந்த வேறுபாட்டை உடனே தவறு என்று தள்ளிவிடாதீர்கள். தன்னைச் சுற்றியுள்ள வாயு, தூசி வட்டு விளிம்புவாக்கில் தெரியும் விண்மீன்களில் தூசி இல்லாத வாயு பார்வைக்கோட்டில் வரும். அது எக்ஸ் கதிரை விழுங்கும், ஆனால் கட்புல ஒளியை அவ்வளவாக மறைக்காது. அப்படிப்பட்ட அளவீடுகள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். ஆனால் அங்கே போவதற்கு முன் ஒரு கேள்வி: ஏஆர்எஃப் கோப்பு (ஒவ்வொரு ஆற்றலிலும் கருவியின் உணர்திறனைச் சொல்லும் கோப்பு) எங்கிருந்து வந்தது?

கேட்டவர்

அதே பகுதியின் 2003 தரவுக்கு முன்பு செய்து வைத்திருந்தேன். அதே கேமராதானே என்று அதையே போட்டேன்.

பதில் 2

அங்கேதான் பிரச்சினை. ஏசிஸின் ஒளித்தடுப்பு வடிகட்டியின் மேல் மாசுப்படலம் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே வருகிறது. அது 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள கதிரைத்தான் அதிகம் தின்னும். 2003 கோப்பைப் பொறுத்தவரை அந்தப் படலம் மெல்லியது. ஆகவே 2019-இல் காணாமல் போன மென்கதிருக்கெல்லாம் வழியிலுள்ள வாயுதான் காரணம் என்று மாதிரி எடுத்துக்கொள்கிறது. அந்த நோக்கின் தேதிக்கே, புதிய அளவுத்திருத்தக் கோப்புகளோடு ஏஆர்எஃப் செய்யுங்கள். தூண் அடர்த்தியை முதலில் 3 × 10²¹-இல் நிறுத்தி ஓட்டிவிட்டு அப்புறம் விடுவியுங்கள்.

கேட்டவர்

செய்துவிட்டேன், மிக்க நன்றி! விடுவித்த பிறகும் தூண் அடர்த்தி 3.4 × 10²¹-இல் நிற்கிறது. வெப்பநிலை 2.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஒளிர்வு விநாடிக்கு 1.5 × 10³⁰ எர்க். ஆனால் ஒளிவளைவைப் பார்த்தால் கடைசி 6,000 விநாடியில் மட்டும் 90 ஃபோட்டான்கள் இருக்கின்றன.

பதில் 1

அது வெடிப்பு. இளம் விண்மீன் வெடிப்புகளில் பிளாஸ்மா 10 கோடி கெல்வினைத் தொடும். உங்கள் 2.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (சுமார் 2.4 கோடி கெல்வின்) என்பது அமைதி நிலையும் வெடிப்பும் கலந்த சராசரி. கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு மீதி 150 ஃபோட்டான்களைத் தனியே பொருத்துங்கள். வெட்டியதைத் தூக்கி எறியாதீர்கள், அதற்கும் ஒரு தனிப் பொருத்தம் போட்டு முடிவை இங்கே எழுதுங்கள்.