முடிச்சூரில் வீடு வாங்கலாமா? ஏரியா நல்லதா கெட்டதா என்று எதை வைத்து முடிவு செய்வது?

புதுவீடு_தேடி

வணக்கம். பெரம்பூரில் பதினோரு வருடமாக வாடகை வீடு. கணவருக்கு மறைமலை நகரில் ஃபேக்டரி வேலை. போக வரவே நாள் முடிந்துவிடுகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, அதனால் தரைத்தளம்தான் வேண்டும். மேற்கு தாம்பரம் தாண்டி முடிச்சூரில் ஒரு தனி வீடு எங்கள் கைக்கு எட்டும் விலையில் வந்திருக்கிறது.

தரகர், "அமைதியான ஏரியா மேடம், எல்லாம் டீசன்ட் ஃபேமிலி" என்கிறார். அண்ணன், "அது முங்குகிற ஊர், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் அவ்வளவுதான்" என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா, "ஒதுக்குப்புறம், செயின் அறுப்பு ஜாஸ்தி" என்கிறார். மூன்று பேரும் அங்கே ஒரு ராத்திரி கூடத் தங்கியதில்லை. புறநகருக்கு மாறியவர்கள் எப்படி விசாரித்தீர்கள்?

சர்வே_சங்கிலி

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் வாயையும் நம்பாதீர்கள் அம்மா, காகிதத்தைப் பாருங்கள்.

வீட்டின் சர்வே எண்ணைத் தரகரிடம் கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. எண் கிடைத்தால் அரசின் நிலச் சேவைத் தளத்தில் பட்டா, புலப்படம் (மனையின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (எந்த எண் என்ன வகை நிலம் என்கிற பதிவேடு) மூன்றையும் பார்க்கலாம். எல்லோரும் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். நான் பக்கத்து எண்களையும் பார்க்கச் சொல்வேன். நாலு எண் தள்ளி ஓடை புறம்போக்கு என்றோ வாய்க்கால் என்றோ இருந்து, நேரில் போனால் அங்கே தார் ரோடு இருக்கிறது என்றால், அந்த வாய்க்கால் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஐப்பசியில் உங்கள் வாசலுக்கு வரும்.

ஊர்ப் பெயர், தெருப் பெயரையும் கவனியுங்கள். தாங்கல் என்றாலே சின்ன ஏரி. ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு எல்லாம் கவிதைக்காக வைத்த பெயர் இல்லை. இப்போது 'லேக் வியூ' என்று பெயர் வைக்கிறார்கள். நாம் ஏரியைப் பார்க்கிறோமா, ஏரி நம்மைப் பார்க்கிறதா என்று மழைக்காலத்தில்தான் தெரியும்.

முடிச்சூரைப் பற்றி நான் தனியாகச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்களைப் படகில் மீட்டார்கள்.

முடிச்சூர்க்காரன்

வந்துவிட்டது 2015. எங்கள் ஊரைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் முதல் வார்த்தை இதுதான். சென்னையில் அந்த வருஷம் முங்காத இடம் எது சார்? கோட்டூர்புரத்திலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் தண்ணீர் வரவில்லையா? கோட்டூர்புரத்தில் வீடு வாங்குகிறவரிடம் யாராவது "முங்குகிற ஊர்" என்கிறார்களா?

அம்மா, உங்கள் அண்ணனுக்கு ஒரு திருத்தம். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். அது எங்களுக்குக் கீழே இருக்கிறது. மேலே இருக்கிற ஊரைக் கீழே சேருகிற தண்ணீர் எப்படி முக்கும்? டிவியில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள்.

2009-இலிருந்து இங்கே இருக்கிறேன். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, பக்கத்திலேயே வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தாகிவிட்டது. இன்னும் பத்து வருஷம் யோசித்துக்கொண்டே இருந்தால் இந்த விலைக்குக் குளியலறைதான் கிடைக்கும்.

சர்வே_சங்கிலி

தம்பி சொல்வது சரிதான், செம்பரம்பாக்கத்துக்கும் முடிச்சூருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அது நல்ல செய்தி என்று நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

செம்பரம்பாக்கம் என்றால் ஷட்டர் உண்டு, எவ்வளவு திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வரும். முடிச்சூருக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர். அடையாறு பிறப்பதே அங்கேதான். கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிகிற இடம்) தாண்டிவிட்டால் அறிவிப்பும் கிடையாது, யாரைக் கேட்டும் வராது. 2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் போட்டார்கள். அப்படியும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் ஊரில் தண்ணீர் நின்றதா இல்லையா?

முடிச்சூர்க்காரன்

நின்றது. எங்கள் தெருவில் நிற்கவில்லை. மூன்று தெரு தள்ளி இடுப்பளவு. ஊர் முழுக்க ஒரே மட்டம் இல்லை சார், அதைத்தான் கத்துகிறேன். ஊரைப் பார்த்து முத்திரை குத்தாதீர்கள், தெருவைப் பாருங்கள்.

சர்வே_சங்கிலி

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஓஎம்ஆர்_தாஸ்

தண்ணீர் வருஷத்துக்கு நாலு நாள் பிரச்சினை. மனிதர்கள் 365 நாள் பிரச்சினை. வயசுப் பெண் இருக்கிறாள் என்கிறீர்கள், தனி வீடே வேண்டாம். செக்யூரிட்டி, கேமரா, ஒரே கேட் உள்ள அடுக்ககமாகப் பாருங்கள். சுற்றி எந்த மாதிரி ஆட்கள் என்று விசாரியுங்கள். நாங்கள் துரைப்பாக்கத்தில் வாங்கும்போது கண்ணகி நகரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் முதலில் பார்த்தோம். காவல்துறை தளத்தில் எஃப்ஐஆர் பார்க்கும் வசதி இருக்கிறது. எந்த ஸ்டேஷனில் கேஸ் கம்மியோ அந்தப் பக்கம் போங்கள். கணக்கு பொய் சொல்லாது.

நைட்_ஷிஃப்ட்

தாஸ் சார், கணக்கு நன்றாகவே பொய் சொல்லும். நான் நர்ஸ். பதினான்கு வருடமாக ராத்திரி டியூட்டிக்கு முடிச்சூர் ரோட்டில்தான் போய் வருகிறேன். ஒருமுறை (வேறு ஏரியாவில்) பைக்கில் வந்தவன் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போனான். புகார் கொடுக்கப் போனால், "பறித்தான் என்று எழுதினால் கோர்ட், கேஸ் என்று அலையணும்மா. தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுங்க, சிம் வாங்க இது போதும்" என்றார்கள். காலை ஏழு மணி, கண் சொருகுகிறது. எழுதிக் கொடுத்துவிட்டு சிஎஸ்ஆர் ரசீதோடு (புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும், எஃப்ஐஆர் இல்லை) வீட்டுக்கு வந்தேன். அந்த மாதக் கணக்கில் அங்கே வழிப்பறி ஒன்று குறைவு. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு "ஆகா, நல்ல ஏரியா" என்பீர்கள். கேஸை ஒழுங்காகப் பதிகிற ஸ்டேஷன் உங்கள் கணக்கில் கெட்ட ஏரியா ஆகிவிடும்.

புதுவீடு அக்கா, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தரகர் காரில் போய்ப் பார்க்காதீர்கள். எந்த ஏரியாவும் அந்த நேரத்தில் கோயில் மாதிரிதான் இருக்கும். வேலை நாளில் ராத்திரி ஒன்பதரைக்குத் தாம்பரம் மேற்கில் இறங்குங்கள், மகள் டியூஷன் விட்டு வருவது போல ஷேர் ஆட்டோ பிடியுங்கள், மெயின் ரோட்டில் இறங்கி அந்த வீடு வரைக்கும் நடங்கள். மாவுக்கடை, மருந்துக்கடை, இஸ்திரி வண்டி எதுவரைக்கும் இருக்கிறது? பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசுகிறார்களா, இல்லை எட்டு மணிக்கே கேட் பூட்டியாகிவிட்டதா? டாஸ்மாக் எந்தத் திருப்பத்தில்? எத்தனை காலி மனை, அதில் எத்தனையில் சீமைக்கருவேலம்? (மழை பெய்தால் பாம்பு அங்கிருந்துதான் வரும். என் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வந்தது.) எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை? நாய்கள் துரத்துகின்றனவா? இதையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், சர்வே ஐயா கோபித்துக்கொண்டாலும் சரி.

செயின் அறுப்பு பற்றி: அது ராத்திரி மட்டும் நடப்பதில்லை. விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போதுதான் எங்கள் தெருவில் நடந்தது. நீளமான நேர் ரோடு, மூன்று நிமிடத்தில் ஜிஎஸ்டி ரோட்டை (திருச்சி நெடுஞ்சாலை) பிடித்துவிடலாம் என்கிற இடம் அவர்களுக்குத் தோது. வளைந்து முட்டுச்சந்தில் முடிகிற தெருவுக்குள் வர யோசிப்பார்கள்.

ஒக்கியம்_பொண்ணு

தாஸ் அண்ணா, நான் அந்தக் கண்ணகி நகர்தான். 2000 வாக்கில் கூவம் கரையிலிருந்து எங்கள் பாட்டி வீட்டை எடுத்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் தேடி வந்த ஏரியா இல்லை இது. உங்கள் அடுக்ககத்தைப் பெருக்குவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, கேட்டில் நிற்பது பாதிப் பேர் எங்கள் ஆட்கள். பகலில் சாவியைக் கொடுக்கிறீர்கள், ராத்திரி தூரத்தை அளக்கிறீர்கள்.

எனக்கு முதல் இன்டர்வியூவில் முகவரியைப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது. அடுத்ததில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதினேன், வேலை கிடைத்தது. "எந்த மாதிரி ஆட்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியில் பாதுகாப்பு கொஞ்சம், மீதியெல்லாம் சாதி.

ஓஎம்ஆர்_தாஸ்

நான் சாதி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டில் பெண் குழந்தை இருக்கிறது, பயம் இருக்கிறது. அது தப்பா?

ஒக்கியம்_பொண்ணு

பயம் தப்பில்லை அண்ணா. எங்கள் தெருவிலும் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், எங்களுக்கும் அதே பயம்தான். தெருவிளக்குக்கு மனு போட்டுப் போட்டு ஓய்ந்தோம். உங்களுக்கு கேட் இருக்கிறது.

நைட்_ஷிஃப்ட்

கேட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுக்கக கேட்டுக்குள் சரி. கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் முக்கால் கிலோமீட்டர் மதில் சுவர், ஒரு கடை கிடையாது, ஒரு ஜன்னல் கிடையாது. நான் நடக்க பயப்படுவது அந்த மாதிரி ரோட்டில்தான். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற சந்தில் இல்லை.

சர்வே_சங்கிலி

தாயே, நடந்து பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சித்திரையில் நடந்தால் எந்த ஓடையும் தெரியாது. இன்னொன்று, வீடு மாநகராட்சியா ஊராட்சியா என்று பாருங்கள். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் உள்ளே வந்தன, முடிச்சூர் அப்போது ஊராட்சியாகவே நின்றது. குப்பை வண்டி, தெருவிளக்கு, வடிகால் யார் பொறுப்பு என்பது இதில்தான் மாறும். ஒரே ரோட்டின் இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்.

முடிச்சூர்க்காரன்

ஊராட்சி என்றால் வரி கம்மி, அதையும் சொல்லுங்கள். அம்மா, தண்ணீரைக் கேட்க மறந்துவிட்டீர்கள், குடிக்கிற தண்ணீரை. போர் எத்தனை அடி, மே மாதம் லாரி வாங்குகிறார்களா, குளித்தால் தலைமுடி கொட்டுகிறதா என்று கேளுங்கள். பாதாள சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்றும். வெள்ளம், திருடன் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள், தினசரி உயிரை வாங்குவது இந்த இரண்டு லாரியும்தான்.

புதுவீடு_தேடி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நர்ஸ் தங்கை சொன்னபடியே நானும் மகளும் போனோம், தரகரிடம் சொல்லாமல்.

தெரு பயமாக இல்லை. கடைசி இரண்டு கம்பத்தில் விளக்கு இல்லை, ஆனால் அந்த இருட்டிலும் ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகளிடம், "யார் வீட்டுக்குப் போறே பாப்பா?" என்று கேட்டார். மகளுக்கு எரிச்சல், எனக்கு நிம்மதி.

அப்புறம் வீட்டைப் பார்த்தேன். ரோட்டிலிருந்து வாசலுக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டும். மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் உத்தரவே போட்டார், அதற்கு முன்பே இந்த வீடு பள்ளமாகிவிட்டது போலிருக்கிறது. காம்பவுண்டுச் சுவரில் என் மார்பளவு வரைக்கும் பெயின்ட் புதுசு, மேலே பழசு. எதிர் வீட்டில் மோட்டார் சுவிட்ச் ஆள் உயரத்துக்கு மேலே, ஃப்ரிட்ஜ் சிமென்ட் மேடையில். கீரை ஆய்ந்த அம்மாவிடம் கேட்டேன். எழுந்து வந்து தன் வீட்டு ஜன்னலில் விரலை வைத்துக் காட்டினார்: "பதினஞ்சுல இந்தக் கம்பி. இருபத்திமூணுல இது." இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிதான். வீட்டுக்காரரோ, "சொட்டுத் தண்ணி வந்ததில்லை" என்று எங்களிடம் சொன்னவர்.

அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஊர் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம். தரைத்தளம் இல்லாமல் மாமியாரை எப்படி என்று யோசித்தால் அவரே, "தண்ணி வந்தா ஓடியே மாடி ஏறுவேன், இப்பவே ஏறிப் பழகிக்கிறேன்" என்கிறார்.

சர்வே_சங்கிலி

ஜன்னல் கம்பியை நான் பதிவேடாக ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வீட்டின் சர்வே எண்ணை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

முடிச்சூர்க்காரன்

அவசரமாக வாங்காதீர்கள் அம்மா, ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். எங்கள் தெருவில் முதல் மாடி போர்ஷன் காலி. பதினெட்டுப் படி, பக்கத்தில் பிடிக்கக் கம்பி உண்டு.

புதுவீடு_தேடி

அட்வான்ஸ் எத்தனை மாதம்?

முடிச்சூர்க்காரன்

சட்டப்படி மூன்று. வீட்டுக்காரர் ஆறு கேட்கிறார். வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.